முழங்காலும் முற்றமும்

மனித உடம்பிலுள்ள மூட்டுக்களுள் மிகப் பெரியது முழங்கால் மூட்டு. தொடை என்பும் கணைக்கால் என்பும் கூடுமிடத்தில், முன்னே சிரட்டை ஒன்று காவலாய் நிற்க, உடம்பின் பாரமெல்லாம் அதன்மேல் இறங்குகின்றது. சமதரையில் நடக்கும்போது இம்மூட்டு அறுபது எழுபது பாகை வரை மடங்கினாற் போதும். படியேறவும் கதிரையிலிருந்து எழவும் தொண்ணூறு பாகையும் அதற்குச் சற்று மேலும் மடங்குதல் வேண்டும். குந்தியிருக்கவோ நூற்று முப்பது பாகைக்கு மேலும் அது மடங்கவேண்டும். கதிரையிலிருந்து வாழும் மக்களுக்கும் தரையிலிருந்து வாழும் மக்களுக்கும் முழங்கால் செய்யும் வேலை ஒன்றன்று என்பது இக்கணக்கினால் விளங்கும்.

தமிழர் வாழ்வு நெடுங்காலம் தரையோடு ஒட்டிய வாழ்வு. உண்பது பாயில், படிப்பது திண்ணையில், அரைப்பதும் அரிவதும் அடுக்களைத் தரையில். வழிபாட்டிலும் முழங்காலுக்கு இடமுண்டு. தலையொன்று, கையிரண்டு, முழந்தாளிரண்டு ஆகிய ஐந்துறுப்பும் நிலத்திற் பொருந்த வணங்குவதைப் பஞ்சாங்க நமஸ்காரம் என்று சைவ நூல்கள் வகுத்தன. பெண்களுக்கு அதுவே உரியது என்றும் விதித்தன. ஆகவே முழங்கால் பழுதுற்ற ஒரு மூதாட்டிக்கு நடை மட்டுமன்று, அடுப்படியும் கோயில் முன்றிலுங்கூடத் தொலைவாகிவிடுகின்றன.

யாழ்ப்பாண நகரை அடுத்து, காங்கேசன்துறை வீதியின் இருமருங்கும் பரந்திருக்கும் கொக்குவிலை எடுத்துக்கொள்வோம். புகையிலைத் தோட்டத்துக்கும் சுருட்டுத் தொழிலுக்கும் பெயர்பெற்ற ஊர் அது. சுருட்டுக் கொட்டில்களில் தொழிலாளர் காலை தொடங்கி மாலைவரை தரையில் அமர்ந்து சுருட்டுச் சுற்றினர். தோட்டங்களிலோ, நீரிறைக்கும் யந்திரம் பரவுமுன், ஒருவர் துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, மற்றொருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலில் விட்டார். களை பிடுங்கியவரும் கன்று நட்டவரும் குந்தியிருந்தே வேலை செய்தனர். மூட்டுத் தேய்வுக்கு முதுமை, உடற்பருமன், பரம்பரை, முன்னர் பட்ட காயம் ஆகியவை காரணமாவதுபோல, நீண்டகாலம் குந்தியும் முழந்தாளிட்டும் செய்யும் தொழிலும் காரணமாகும் என்று இக்கால வைத்தியர் கண்டிருக்கின்றனர். என்புகளின் நுனியைப் போர்த்திருக்கும் கசியிழையம் மெல்ல மெல்லத் தேய்கின்றது, இறுதியில் என்போடு என்பு உராய்கின்றது, கால் வளைகின்றது, இரவில் நித்திரை கெடுகின்றது.

இந்நோய்க்குப் பரிகாரம் தேடிய வரலாறு இங்கே பழையது. யாழ்ப்பாணத்து அரசர் காலத்தவையாகக் கொள்ளப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் வாத நோய்களுக்குத் தைலமும் குளிசையும் கூறின. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பரிசோதித்து அச்சேற்றினார். என்பு முறிந்தவருக்கு முறிவு நெரிவு வைத்தியர் இருந்தார். அவர் மூலிகைப் புக்கை வைத்து, மட்டைவைத்துக் கட்டி, நாட்கணக்கிட்டு அவிழ்த்தார். இவ்வைத்தியம் யாவும் வீட்டிலேயே நடைபெற்றது. நோயாளி உள்ளறையிற் கிடப்பார். பத்தியக் கறி தனியே சமைக்கப்படும். சுற்றத்தார் வந்து பார்த்துப் போவர். நோயாளியை எழுந்து நடமாட விடுதல் அன்பில்லாச் செயல் என்று கருதப்பட்டது. வீட்டாரின் பராமரிப்பு என்றால் நோயாளியை அசையாமற் காத்தல் என்பதே அக்காலத்துப் பொருள். இக்கருத்து எத்தகைய வலிமையுடையது என்பது பின்னர் தெரியவரும்.

மேனாட்டு வைத்தியம் இப்பகுதியில் வேரூன்றியதற்குச் சாமுவேல் பிஸ்க் கிறீன் முதன்மையான காரணர். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த இவ்வைத்தியர் 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார்; அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து மாணாக்கருக்கு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். கொக்குவிலுக்கு மேற்கே ஆனைக்கோட்டையைக் கடந்தால் மானிப்பாய். இடையிலே தாயகம் சென்று மீண்டு, 1873 ஆம் ஆண்டு வரை அவர் இங்கே பணிபுரிந்தார். அறுபதுக்கு மேற்பட்ட மாணாக்கர் அவரிடம் பயின்றனர். அவருட் பாதியளவினர் தமிழிலேயே பயின்றனர். உடலமைப்பு, பிரசவம், இரசாயனம் முதலிய துறைகளில் அவரும் அவர் மாணாக்கரும் தமிழில் நூல்கள் ஆக்கினர். 1867 ஆம் ஆண்டு வெளிவந்த இரண வைத்தியம் என்னும் நூல், ஆங்கிலச் சத்திரசிகிச்சை நூலொன்றின் தமிழாக்கம்.

இச்செய்தி முழங்காலுக்கு எவ்வாறு பொருந்தும் என்று கேட்கலாம். சத்திரசிகிச்சை எம்மொழியிலும் நடைபெறலாம்; நோயாளி அப்போது மயக்கத்திலிருக்கின்றார். ஆனால் அவர் வீடு திரும்பியபின் எதைச் செய்வது, எதைத் தவிர்ப்பது என்று கூறும் அறிவுரை அவ்வீட்டின் மொழியில் இல்லாவிடின் பயனில்லை. என்புக்கும் தசைக்கும் நரம்புக்கும் தமிழிற் சொல் தேடிய கிறீனின் உழைப்பு, வைத்தியருக்கும் வீட்டாருக்குமிடையே பேச்சு நிகழ்வதற்கு வழிசெய்தது. 1850 ஆம் ஆண்டு, அரசாங்க அதிபர் டைக் காலத்தில், யாழ்ப்பாண நகரில் வைத்தியசாலை தோன்றியது. 1898 ஆம் ஆண்டு கொக்குவிலுக்கு வடக்கேயுள்ள இணுவிலிற் பெண்களுக்கான மக்கிளியோட் வைத்தியசாலை எழுந்தது. இவ்வாறு கொக்குவிலைச் சூழ மூன்று வைத்தியசாலைகள் அமைந்தன.

ஆயினும் அக்காலத்து வைத்தியத்தால் முழங்கால் மூட்டுக்கு அதிகம் செய்ய இயலவில்லை. மூட்டு அழுகினாற் காலை வெட்டினர். அல்லது மூட்டை அறுத்தகற்றி என்புகளை ஒன்றாய்ப் பொருத்தினர். உயிர் தப்பியவர் மடங்காத காலோடு வாழ்ந்தார். மூட்டு நோய் எதற்கும் ஓய்வே மருந்து என்பது ஆங்கில வைத்திய உலகின் உறுதியான கொள்கை. இலண்டன் வைத்தியர் ஜோன் ஹில்ரன் 1863 ஆம் ஆண்டு ஓய்வையும் நோவையும் பற்றி எழுதிய நூல் இக்கொள்கைக்கு ஆதாரமாயிற்று. லிவர்பூலில் வாழ்ந்த ஹியூ ஓவன் தோமஸ், பரம்பரையாய் என்பு முறிவு வைத்தியம் செய்த குடும்பத்திற் பிறந்தவர். இடையறாத, நீடித்த ஓய்வே மூட்டைக் காக்கும் என்று வற்புறுத்தி, காலை அசையாமல் வைக்கும் கருவியொன்றை அவர் அமைத்தார். முதலாம் உலகப் போரில் தொடை என்பு முறிந்த போர்வீரர் பலரை அக்கருவி காத்தது. பிரான்சிலோ லூக்காஸ் சம்பியோனியேர் என்னும் வைத்தியர் இதற்கு மாறாக, அசைவே என்புக்கும் மூட்டுக்கும் உயிர் என்று வாதித்தார். அவர் கூற்று உடனே ஏற்கப்படவில்லை. ஓய்வா, அசைவா என்னும் இவ்வழக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

இதற்கிடையில் தேய்ந்த மூட்டுக்குப் பதிலாகச் செயற்கை மூட்டைப் பொருத்தும் முயற்சி தொடங்கிற்று. 1890 ஆம் ஆண்டு பேர்லின் நகரில் தெமிஸ்தோக்கிள்ஸ் குளுக் என்னும் வைத்தியர், காசநோயால் முழங்கால் கெட்ட பதினேழு வயதுப் பெண்ணொருத்திக்கு யானைத் தந்தத்தாற் செய்த பிணைச்சல் மூட்டைப் பொருத்தினார். முதலிற் பலன் தந்த அம்முறை, காசநோய்க் கிருமி மூட்டில் நிலைத்திருந்தமையால், பின்னர் தோல்வியுற்றது. அறுபது ஆண்டு கழித்து, 1951 ஆம் ஆண்டு, சுவீடன் நாட்டு வால்டியஸ் மீண்டும் ஒரு பிணைச்சல் மூட்டை ஆக்கினார். கதவுப் பிணைச்சல் ஒரே அச்சிற் சுழலும்; முழங்காலோ மடங்கும்போதே உருண்டும் வழுக்கியும் சிறிது திரும்பியும் இயங்கும். ஆதலால் அத்தகைய மூட்டுக்கள் என்பிலிருந்து விரைவில் தளர்ந்தன.

திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் ரைற்றிங்ரன் வைத்தியசாலையில் ஜோன் சாண்லி 1962 ஆம் ஆண்டளவில் உலோகப் பந்தையும் பொலித்தீன் வகைக் கிண்ணத்தையும் என்புச் சீமெந்தால் நிலைநிறுத்தி வெற்றிகண்டார். அங்கே அவரிடம் பயின்ற கனடா நாட்டவரான பிராங் கன்ஸ்ரன், அதே பொருள்களைக் கொண்டு 1968 ஆம் ஆண்டு முழங்காலுக்குப் பிணைச்சல் இல்லாத மூட்டொன்றைப் பொருத்தினார். 1974 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் ஜோன் இன்சால், சித்தரஞ்சன் இரணாவத், பீற்றர் வோக்கர் ஆகியோர் ஆக்கிய மூட்டு, இன்று உலகெங்கும் வழங்கும் மூட்டுக்களுக்கெல்லாம் தாய் எனலாம். அவருள் இரணாவத் இந்தியாவிற் பிறந்தவர். 2000 ஆம் ஆண்டு ஒக்டோபரிலும் 2001 ஆம் ஆண்டு யூன் மாதத்திலும் இந்தியப் பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாயின் இரு முழங்கால்களுக்கும் மும்பாயிற் சத்திரசிகிச்சை செய்தவர் அவரே. நாட்டின் பிரதமர் பொல்லோடு நடந்ததையும் பின் அலுவலுக்குத் திரும்பியதையும் பத்திரிகைகள் நாள்தோறும் எழுதின. அதுவரை செல்வந்தர் மட்டுமே அறிந்திருந்த இச்சிகிச்சையின் பெயர் அதன்பின் சாதாரண வீடுகளிலும் பேசப்பட்டது.

மூட்டுத் திருந்தியதோடு ஓய்வு பற்றிய கொள்கையும் மாறிற்று. 1970களில் இச்சிகிச்சை பெற்றவர் இரண்டு மூன்று வாரம் வைத்தியசாலையிலிருந்தார். நாட்கணக்காகக் கால் அசைக்கப்படாதிருந்தது. கனடாவில் றொபேட் சோல்ரர், அசைவினாற் கசியிழையம் நன்கு ஆறுமென்று ஆராய்ந்து காட்டினார். அதன் பயனாக, படுத்திருப்பவரின் காலை மெல்ல மடக்கி நீட்டும் யந்திரம் வைத்தியசாலைகளிற் புகுந்தது. பின்னர் நடந்த ஆய்வுகளோ, அந்த யந்திரத்தால் வரும் பயன் சிறிதே என்றும், நோயாளி தாமே எழுந்து நடப்பதும் தாமே காலை மடக்குவதுமே சிறந்தன என்றும் கண்டன. 1990களில் டென்மார்க்கின் ஹென்றிக் கேலெற், நோவை முன்கூட்டியே அடக்கி, விரைவில் உணவளித்து, விரைவில் நடக்கவைக்கும் முறையை வகுத்தார். இன்று பல நாடுகளிற் சத்திரசிகிச்சை செய்த நாளிலோ மறுநாளிலோ நோயாளி எழுந்து நிற்கின்றார். சில நாளில் வீடு செல்கின்றார். சம்பியோனியேர் வென்றார். ஆனால் அவ்வெற்றியினால் ஒரு பாரம் இடம்மாறியது. முன்னர் வைத்தியசாலைத் தாதியர் சுமந்த வாரங்களை இப்போது வீடு சுமக்கின்றது.

கொக்குவில் மக்கள் இச்சிகிச்சையின் பயனை அடைவதற்கு மற்றொரு வரலாறு தடையாயிருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வைத்திய பீடம் 1978 ஆம் ஆண்டு தொடங்கிற்று. அது இன்று நிலைகொண்டுள்ள ஆடியபாதம் வீதி கொக்குவிலை ஒட்டியது. ஆயினும் போர் மூண்டது. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வடபகுதிப் புகையிரதச் சேவை நின்றது. கொக்குவில் நிலையம் வெறிச்சோடியது. கண்டி வீதி மூடப்பட்டு, 2002 ஆம் ஆண்டு திறக்கப்பட்டு, 2006 ஆம் ஆண்டு மீண்டும் மூடப்பட்டு, 2009 ஆம் ஆண்டு போர் முடிந்தபின்னரே மறுபடி திறக்கப்பட்டது. மின்சாரமும் மருந்தும் அரிதாயிருந்த காலத்தில் வைத்தியர்கள் உயிர்காக்கும் சிகிச்சைக்கே முதலிடம் அளிக்கவேண்டியிருந்தது. உயிருக்கு ஆபத்தில்லாத மூட்டு நோவு காத்திருந்தது. அக்காலத்தில் நடுவயதினராயிருந்து, மிதிவண்டியிலும் கால்நடையாகவும் இடம்பெயர்ந்து திரிந்தவர்கள், இன்று எழுபதும் எண்பதும் கண்டவர்கள். 2014 ஆம் ஆண்டு ஒக்டோபரிற் புகையிரதம் யாழ்ப்பாண நகரை அடைந்தது. 2015 ஆம் ஆண்டு தொடக்கத்திற் காங்கேசன்துறை வரை நீண்டபோது கொக்குவிலிலும் அதன் ஒலி மீண்டும் கேட்டது. காத்திருந்த முழங்கால்களும் அதன்பின்னரே சிகிச்சையை நாடின.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரின் நிலை யாது? ஏறத்தாழ இரண்டு வாரத்திற் காயத்தின் தையல் அகற்றப்படுகின்றது. முதல் ஆறு வாரம் மிக முக்கியமானவை. காயம் ஆறும்போது மூட்டைச் சூழ வடுத்திசு உண்டாகின்றது. காலை மடக்கியும் நீட்டியும் வந்தால் அத்திசு இளகி வளரும். அசைக்காது வைத்தால் இறுகி மூட்டைப் பூட்டிவிடும். அங்ஙனம் இறுகியபின், மீண்டும் மயக்கமருந்து கொடுத்து வைத்தியர் காலை மடக்கவேண்டி நேரும். கால் முற்றாக நீளுதலும் மடங்குதலளவு முக்கியமானது. நீளாத கால் நடக்கும்போது நொண்டும். நோவைப் பொறுத்துக்கொள்ளுதல் வீரமன்று. வைத்தியர் குறித்த நோமருந்தை வேளைக்கு உட்கொண்டு, அதன்பின் பயிற்சி செய்தலே முறை. வீக்கத்துக்குத் துவாயிற் சுற்றிய பனிக்கட்டி உதவும். கெண்டைக்காற் குருதி உறையாதிருக்கவும் நடத்தல் வேண்டும்.

இவ்விடத்திலேதான் பழைய அன்பும் புதிய அறிவும் முட்டிக்கொள்கின்றன. கால் நோகுமென்று முழங்காலின் கீழ் மெத்தென்ற தலையணை வைக்கின்றாள் மகள். அதனாற் கால் நீளாது மடங்கியே இறுகுகின்றது. தலையணை வைப்பதாயின் குதிக்காலின் கீழ் வைத்தல் வேண்டும். எழும்பவேண்டாம் என்று மருமகள் தேநீரைக் கட்டிலுக்கே கொண்டுவருகின்றாள். அந்தத் தேநீரை விறாந்தையில் வைத்தாற் பத்தடி நடை கிடைத்திருக்கும். ஆறாத காயத்தின்மேல் எண்ணெய் பூசுகின்றார் மாமியார். கிருமி உட்புகுந்து செயற்கை மூட்டைப் பற்றினால் அதனை அகற்றவும் நேரும். கிரந்தி என்று சொல்லி மீனையும் முட்டையையும் விலக்குகின்றனர். காயம் ஆறுவதற்கு வேண்டிய புரதம் அவற்றிலேதான் உண்டு. பார்க்கவருபவர் காலையும் மாலையும் நிறைந்திருக்கின்றனர். பயிற்சி செய்யும் வேளை போய்விடுகின்றது. இவற்றுள் ஒன்றேனும் பகைமையாற் செய்யப்பட்டதன்று. நோயாளியை அசையாமற் காத்தலே பராமரிப்பு என்று தலைமுறை தலைமுறையாகக் கற்ற பாடம் இங்ஙனம் வெளிப்படுகின்றது.

வீட்டின் அமைப்பும் மாற்றம் வேண்டுகின்றது. பாய்ப்படுக்கைக்குப் பதிலாக உயரமான கட்டில். தாழ்ந்த சாய்மனைக் கதிரைக்குப் பதிலாகக் கைப்பிடியுள்ள உயர்ந்த கதிரை. குந்தும் மலசலகூடத்தின்மேல் உயரமான இருக்கை. கிணற்றடியில் வழுக்காத தரையும் அமர்ந்து குளிக்க ஒரு வாங்கும். கால் தடுக்கும் பாயும் மின்கம்பியும் நடைவழியிலிருந்து அகற்றப்படவேண்டும். படியேறும்போது நல்ல காலை முன்வைத்தும், இறங்கும்போது சிகிச்சை பெற்ற காலை முன்வைத்தும் நடத்தல் வேண்டும். பழைய நாற்சார் வீடுகளின் நடுமுற்றத்தைச் சுற்றியோடும் தாழ்வாரம் நடை பழகுவதற்கென்றே கட்டியது போன்றது. வெயிலும் மழையும் படாது. தூணுக்குத் தூண் பிடிமானம் உண்டு. அடுக்களையிலிருப்பவர் கண் எப்போதும் மேலேயிருக்கும். முதல் வாரம் ஒரு சுற்று, அடுத்த வாரம் மூன்று சுற்று என்று கணக்கு வைக்கலாம்.

ஆனால் அந்தத் தாழ்வாரத்தில் உடன் நடக்க யார் உளர்? இதுவே இன்றைய கொக்குவிலின் கடினமான வினா. போர்க்காலத்திலும் அதன் பின்னும் பிள்ளைகள் கனடா, இங்கிலாந்து, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, அவுஸ்திரேலியா என்று பிரிந்து வாழ்கின்றனர். முதியவர் இருவர் மட்டும் உள்ள வீடுகள் பல. ஒருவர் மட்டும் உள்ள வீடுகளும் உண்டு. சிகிச்சைக்கு வேண்டிய பணம் கடல்கடந்து வந்துவிடுகின்றது. காலை மடக்கும்போது பக்கத்திலிருந்து எண்ணுவதற்கு ஒரு குரல் அவ்வாறு வருவதில்லை. பிள்ளைகள் விடுமுறை பெற்று வந்தாலும், சத்திரசிகிச்சை நாளுக்கு வந்து இரண்டு வாரத்திற் திரும்புகின்றனர். மயக்கத்திலிருந்து எழும்போது முகம் காட்டுதல் பிள்ளைக்கு ஆறுதல். மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை உடனிருத்தலே முழங்காலுக்கு உதவி. வரக்கூடிய பிள்ளைகள் இக்கணக்கை அறிந்து, ஒருவர் பின் ஒருவராய் வந்தால் நன்று. வர இயலாதவர் தொலைபேசியில் நோவு எப்படி என்று கேட்பதோடு, இன்று எத்தனை சுற்று நடந்தீர்கள் என்றும் கேட்கலாம். அயலார் ஒருவர் மாலையில் வந்து அரைமணி நேரம் கூட நடந்தால், பழம் கொண்டுவந்து கட்டிலருகே இருந்து கதைப்பதிலும் அது பெரிய உதவியாகும். காய்ச்சல், காயத்திற் கசிவு, கெண்டைக்காலிற் கடும் நோவும் வீக்கமும், மூச்சடைப்பு ஆகியவை தோன்றினால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும் என்பதையும் உடனிருப்பவர் அறிந்திருத்தல் வேண்டும்.

செயற்கை மூட்டு எல்லாவற்றையும் மீட்டுத் தருமென்று எண்ணுதல் தவறு. வீக்கம் பல மாதம் நீடிக்கலாம். முழுப்பலன் தெரிய ஓராண்டு செல்லலாம். ஐவருள் ஒருவரளவில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்று மனங்குறைகின்றனர். எனினும் பொருத்திய மூட்டுக்களுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை இருபத்தைந்து ஆண்டு உழைக்கின்றன என்று 2019 ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. எழுபது வயதில் மூட்டுப் பெற்றவருக்கு அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதற்கும் போதுமானது. மீண்டும் தரையிற் குந்துதல் பலருக்கு இயலாது. முழந்தாளிடுதலும் பலருக்குக் கடினம். பஞ்சாங்க நமஸ்காரம் வகுத்த அதே சைவ நூல்கள், சிரசின்மேல் இரு கையும் குவித்து நின்று வணங்கும் திரியாங்க நமஸ்காரத்தையும் வகுத்துள்ளன. ஆறு வாரம் தாழ்வாரத்திலும், பின்னர் படலை வரையிலும், அதன்பின் ஒழுங்கையிலும் நடந்து பழகிய ஒருவர், மஞ்சவனப்பதி முருகன் கோயில் வாயிலிற் பொல்லைச் சாய்த்து வைத்துவிட்டு அவ்வாறு நின்று வணங்கலாம். அத்தனை தூரம் அவர் நடந்து வந்ததற்கு வைத்தியர் செய்த வேலை ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வீட்டார் செய்த வேலை பல வாரம்.